டிராயிங் ரெண்டு, ஷாஃப்ட் ஒன்று: பொறியியல் மாணவரின் பேச்சு ஆங்கிலமும் ரோல் ப்ளேயும் – ஒரு நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் மெக்கானிக்கல் முதலாண்டு வகுப்பு இந்த ஆய்வின் களம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. 2021 ரெகுலேஷன்படி இரண்டாம் செமஸ்டரில் கம்யூனிகேஷன் லேப் உண்டு. பணியிடச் சூழலை ஒட்டிய ரோல் ப்ளே, அதாவது ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசுவது, அந்த லேபின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எனவே இங்கே புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. சிலபஸில் ஏற்கெனவே உள்ள ஒரு வரியை எப்படி நடத்தினால் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள், எப்படி நடத்தினால் திறப்பதில்லை என்று பார்த்தோம். நான் அந்த வகுப்பின் ஆங்கில ஆசிரியை.

கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரெதிரே உட்காரும் இருவர் கையிலும் வெவ்வேறு தகவல் இருக்க வேண்டும், வாய் திறந்து கேட்டால் ஒழிய அது வெளியே வரக்கூடாது. அப்படி அமைந்தால் மாணவர் பேசுகிறார். அமையாவிட்டால் ரோல் ப்ளே பள்ளி ஆண்டு விழா நாடகமாகிவிடுகிறது: ஒருவர் ஒப்பிப்பார், மற்றவர் தன் முறைக்காகக் காத்திருப்பார்.

வகுப்பும் அதன் வாயடைப்பும்

லேப் பேட்ச் முப்பது பேர். பெரும்பாலோர் அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ தமிழ் வழியில் படித்தவர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் பொறியியலுக்கும் வந்த பிறகு, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் கூடியிருக்கிறார்கள். மீதிப் பேர் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள். பீகாரிலிருந்து வந்தவர்கள் சிலரும் உண்டு.

இவர்களுக்கு ஆங்கிலமே தெரியாது என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வோம். அது சரியல்ல. பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்து, ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றி, கோடிட்ட இடம் நிரப்பி வந்தவர்கள். படித்தால் புரியும், மெதுவாகப் பேசினால் கேட்டும் புரிந்துகொள்வார்கள். தாங்களாகப் பேசும் அவசியம்தான் அவர்களுக்கு எங்குமே வந்ததில்லை. கனடாவில் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன், 1985-இல் இதை ஒத்த ஒன்றைத்தான் எழுதினார். வருடக்கணக்கில் கேட்டுப் புரிந்துகொண்டிருந்தும் அந்தக் குழந்தைகளின் பேச்சு பின்தங்கியே இருந்தது. எதிராளிக்குப் புரியவைத்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி வந்தால்தான் பேச்சு கூர்மைப்படும் என்பது அவர் வாதம்.

எங்கள் பிள்ளைகளிடம் இன்னொரு தடையும் உண்டு. அதை வெளிநாட்டு ஆய்வுகளில் தேடினால் கிடைக்காது. ஹாஸ்டலிலோ கேன்டீனிலோ ஒருவன் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால், “என்ன மச்சான், பீட்டர் விடுற?” என்று உடனே கேள்வி வரும். தப்பாகப் பேசினாலும் சிரிப்பு, சரியாகப் பேசினால் அதைவிடப் பெரிய சிரிப்பு. இலக்கணப் பிழைக்கு அஞ்சுகிறவனை ஆசிரியர் தேற்றிவிடலாம். கூட்டாளிகளை விட்டு விலகியவன் ஆகிவிடுவோமோ என்று அஞ்சுகிறவனைத் தேற்ற ஆசிரியரால் முடியாது. ரோல் ப்ளே இங்கேதான் உதவுகிறது. பேசுவது அவன் இல்லை, அவன் கையில் கொடுத்த பாத்திரக் கார்டில் இருக்கும் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பீட்டர் விட்டதும் இன்ஸ்பெக்டர்தான்.

லேபில் தமிழ் பேசினால் ஃபைன் என்று சில கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. அதனால் ஆங்கிலம் வளர்ந்து நான் பார்த்ததில்லை. மௌனம்தான் வளர்கிறது.

அச்சடித்த உரையாடல்

பல லேப்களில் ரோல் ப்ளே நடக்கும் விதம் இதுதான். மேனுவலில் ஒரு உரையாடல் இருக்கும். வங்கி மேலாளரும் வாடிக்கையாளரும், டாக்டரும் நோயாளியும், அல்லது ரயில் நிலையத்தில் இருவர். மாணவர்கள் அதை ரெக்கார்டு நோட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, முன்னால் வந்து நின்று சொல்வார்கள். மதிப்பெண் போடுவது எளிது, ரெக்கார்டும் அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒருவர் மற்றவரைக் கேட்கவே வேண்டியதில்லை. எதிராளி ஒரு வரியை விட்டுவிட்டுத் தாண்டினாலும் இவர் தன் வரியைச் சொல்லி முடித்துவிடுவார். கேட்காத கேள்விக்குப் பதில் வந்துகொண்டிருக்கும்.

நாங்கள் கையாண்ட கார்டு முறையில் உரையாடலே எழுதித் தருவதில்லை. ஆளுக்கொரு கார்டு. அதில் நீ யார், உனக்கு என்ன தெரியும், உனக்கு என்ன வேண்டும் என்று மூன்று நான்கு வரி மட்டும் இருக்கும். அடுத்தவர் கார்டைப் பார்க்கக்கூடாது. மூன்று மூன்று பேராக உட்கார வைத்தோம். இருவர் பேச, மூன்றாமவர் கவனிப்பார். அவர் கார்டில் வேறு வேலை இருக்கும்: யார் எத்தனை கேள்வி கேட்டார், எண்களைச் சரியாகச் சொன்னார்களா, புரியாதபோது திரும்பக் கேட்டார்களா என்று குறித்துக்கொள்வது.

முப்பது பேர் பத்துக் குழுவாக ஒரே நேரத்தில் பேசினால் லேப் சந்தைக்கடையாகிவிடும். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்ததும் உண்டு. ஆனால் அந்த இரைச்சல் வேண்டியதுதான். தன் குரல் தன் எதிரில் இருப்பவரைத் தாண்டிப் போகாது என்ற தைரியத்தில்தான் வாயே திறக்காத பிள்ளைகள் முதல் வாக்கியத்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு ஜோடியாக முன்னால் கூப்பிட்டு நிறுத்துவதைக் கடைசி வாரங்களுக்குத் தள்ளிவிட்டோம்.

ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆன கதை

எல்லாக் கார்டுகளிலும் நன்றாக வேலை செய்தது ஒன்று. அதை விரித்துச் சொல்கிறேன், வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் கார்டு ஒரு சிறு லேத் பட்டறையின் உரிமையாளர். பம்ப் கம்பெனி ஒன்றுக்கு 200 ஷாஃப்ட் (சுழலும் இரும்புத் தண்டு) கடைந்து கொடுத்திருக்கிறார். அவரிடம் இருக்கும் டிராயிங் ரெவிஷன் பி, அதாவது வரைபடத்தின் ஒரு திருத்தப் பதிப்பு. விட்டம் 25 மில்லிமீட்டர், டாலரன்ஸ் (அளவு கூடவோ குறையவோ விடும் எல்லை) பிளஸ் ஆர் மைனஸ் 0.1. சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், இந்த லாட் பாஸ் ஆனால்தான் பணம் வரும்.

இரண்டாவது கார்டு அந்தக் கம்பெனியின் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மைக்ரோமீட்டரில் அளந்தால் 25.06 வருகிறது. இவர் கையில் இருப்பது ரெவிஷன் சி, டாலரன்ஸ் பிளஸ் ஆர் மைனஸ் 0.02. ஷாஃப்டில் ஏற வேண்டியது 6205 பேரிங், அதன் உள்விட்டம் 25 மில்லிமீட்டர். ஷாஃப்ட் இந்த அளவில் இருந்தால் பேரிங் ஏறாது. திங்கட்கிழமை அசெம்ப்ளி லைன் ஓடியாக வேண்டும்.

(பேரிங் உட்காரும் இடத்துக்கு உண்மையில் டாலரன்ஸ் இதைவிட இறுக்கமாக இருக்கும் என்று மெக்கானிக்கல் துறை ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டினார். வாயால் சொல்ல எளிதாக இருக்கட்டும் என்று 0.02-ஐ வைத்துக்கொண்டோம். ஆனால் இப்படிப்பட்ட கார்டுகளைத் துறை ஆசிரியர் ஒருவரிடம் காட்டாமல் வகுப்புக்குக் கொண்டுபோகக் கூடாது. தொழில்நுட்ப விவரம் ஒன்று பிசகினால் அன்றைய வகுப்பு அதைப் பற்றியே ஓடிவிடும்.)

இருவரிடமும் வேறு வேறு டிராயிங் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியாது. அதுதான் முடிச்சு.

பெரும்பாலான குழுக்களில் தொடக்கம் ஒரே மாதிரி இருந்தது. “சார், யுவர் ஷாஃப்ட் இஸ் ஓவர்சைஸ்.” “நோ சார், வித்தின் டாலரன்ஸ்.” “நோ, நாட் வித்தின்.” “சார், வித்தின் ஒன்லி சார்.” இப்படியே சுற்றிக்கொண்டிருந்தார்கள். குரல் உயர்ந்ததே தவிர விஷயம் நகரவில்லை. இந்தக் கட்டத்தில் ஆசிரியர் குறுக்கிட்டு வழி சொன்னால் பயிற்சி அங்கேயே செத்துவிடும். விட்டுவிட வேண்டும்.

முடிச்சை முதலில் அவிழ்த்த குழுவில் இன்ஸ்பெக்டராக இருந்தவன், அதுவரை வருகைப் பதிவுக்கு மட்டும் வாய் திறந்த பையன். அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. சற்று யோசித்துவிட்டு, “விச் டிராயிங் யூ ஆர் ஹேவிங்?” என்று கேட்டான். எதிரில் இருந்தவன் கார்டைப் பார்த்து, “ரெவிஷன் பி” என்றான். “ஐ ஹேவ் ரெவிஷன் சி.” இரண்டு நொடி கழித்துக் கவனிப்பாளராக இருந்தவன் கத்தினான்: “டேய், டிராயிங்கே வேற டா!”

அதன் பிறகு பேச்சு வேறு தளத்துக்குப் போனது. ரெவிஷன் சி எப்போது அனுப்பினீர்கள், யாருக்கு மெயில் போட்டீர்கள், எனக்கு வரவில்லையே. அளவு கூடுதலாக இருப்பதால் ஷாஃப்டை கிரைண்டிங்கில் குறைத்துவிடலாம், ஸ்கிராப் ஆக்க வேண்டியதில்லை. ஆனால் கிரைண்டிங் செலவு யாருடையது? திங்கட்கிழமைக்குள் 50 ஷாஃப்ட் மட்டும் தந்தால் போதுமா? மாணவர்கள் இதையெல்லாம் கார்டில் இல்லாமலே பேசினார்கள். உடைந்த ஆங்கிலம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் எதிராளியின் முந்தைய வாக்கியத்துக்குப் பதிலாக வந்தது. மனப்பாட உரையாடலில் ஒருபோதும் நடக்காதது அது.

வகுப்பின் ஏற்ற இறக்கமும் அன்று இடம் மாறியது. சரளமாகப் பேசும் மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் சிலர், டாலரன்ஸ் என்றால் என்ன என்று தெளிவாகத் தெரியாமல் விழித்தார்கள். பட்டறை வாசனை தெரிந்த தமிழ் வழிப் பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் இருந்தது, சொற்கள்தான் குறைவு. அதிலும் டிராயிங், பேரிங், ஃபினிஷிங், கிரைண்டிங் என்று பாதிச் சொல் பட்டறைத் தமிழிலேயே இருக்கிறது. மீதிக்குத்தான் திணறினார்கள். பேச வேண்டிய விஷயத்தில் பிடிப்பு இருப்பவர் மொழியில் தடுமாறினாலும் பின்வாங்குவதில்லை. ரயில் நிலையத்தில் இருவர் என்ற உரையாடலில் இந்தப் பிடிப்பு யாருக்கும் வராது.

ஏன் ஆங்கிலத்தில் பேச வேண்டும்?

லேப் மேனுவல்களில் அடிக்கடி வரும் ஒரு சூழல்: கட்டுமான இடத்தில் சேஃப்டி பெல்ட் போடாத தொழிலாளியை இன்ஜினியர் தடுத்துப் பேசுவது. அதை எடுத்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “மேம், ஒர்க்கர்கிட்ட யாருங்க மேம் இங்கிலீஷ்ல பேசுவாங்க?” நியாயமான கேள்வி. நம்மூர் சைட்டில் அந்தப் பேச்சு தமிழில் நடக்கும், இல்லாவிட்டால் அரைகுறை இந்தியில் நடக்கும். ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னால் அது பொய் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பொய்யான இடத்தில் அவர்கள் நாடகத்தனமாகத்தான் பேசுவார்கள்.

ஆகவே தமிழ் தெரியாத ஒருவர் எதிரில் இருக்கும் சூழல்களாகப் பார்த்து எழுதினோம். புனேயிலிருந்து வரும் சர்வீஸ் இன்ஜினியர், பெங்களூருவிலிருந்து ஆடிட்டுக்கு வருபவர், போனில் பேசும் வெளிமாநில வாடிக்கையாளர். கம்ப்ரஸர் பழுதானதைப் போனில் சொல்லும் பயிற்சியில் நாற்காலிகளை முதுகுக்கு முதுகாகப் போட்டோம். கையும் முகமும் காட்டி ஒப்பேற்ற முடியாது. பீகார் மாணவர்களை சர்வீஸ் இன்ஜினியராக வைத்தபோது பயிற்சி நடிப்பே இல்லாமல் போனது. அவர்களுக்குத் தமிழ் உண்மையாகவே அவ்வளவு புரியாது. “அந்த சத்தம் வருதுல்ல, அது...” என்று நழுவ வழியில்லாமல், “தேர் இஸ் எ நாய்ஸ் ஃப்ரம் தி மோட்டார் சைட்” என்று சொல்லியே தீரவேண்டி வந்தது. அவர்களுக்கும் வகுப்பில் முதன்முறையாக ஒரு முக்கியத்துவம் கிடைத்தது.

தமிழுக்குத் தடை போடவில்லை. சொல் கிடைக்காவிட்டால் கவனிப்பாளரிடம் தமிழில் கேட்டுக்கொள்ளலாம். எதிரில் இருப்பவரிடம் மட்டும் கூடாது.

‘சார்’ போதாத இடம்

பிழைகளை எதிர்பார்த்தே இருந்தோம். எதிர்பாராத இடத்தில் வந்த சிக்கல் மரியாதையில். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பணிவைக் காட்ட வைத்திருக்கும் ஒரே கருவி ‘சார்’. கெஞ்சலுக்கு ‘சார் ப்ளீஸ் சார்’, மறுப்புக்கு ‘நோ சார், நாட் பாசிபிள் சார்’. தமிழில் இதே பிள்ளைகள் எவ்வளவு நயமாக மறுப்பார்கள்! “பாக்கலாங்க, கொஞ்சம் சிரமந்தானுங்க” என்று இழுத்தால் முடியாது என்று எதிராளிக்கே புரிந்துவிடும். அந்த ‘ங்க’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் குட், வுட், மைட் போன்ற துணைவினைகளும், ‘ஐ அம் அஃப்ரெய்ட்’ போன்ற தொடக்கங்களும் செய்கின்றன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இலக்கண வகுப்பில் மோடல் வெர்ப் என்ற தலைப்பில் அட்டவணையாகப் படித்தது, எதற்கு என்று தெரியாமல் கிடந்தது.

ஆகவே மறுப்பதற்கென்றே தனிக் கார்டுகள் செய்தோம். மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறார், வர முடியாது. வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொல்கிறார், குறைக்க முடியாது. ‘ஓகே சார்’ என்று உடனே சரணடைபவர்களுக்கும், ‘நோ’ என்று முகத்தில் அடிப்பவர்களுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதைத் தேடவைத்தோம். பதவி மாறும்போது குரல் மாறுவதும் இதில் தெரிந்தது. கார்டில் பெயரும் கிடையாது, ஆணா பெண்ணா என்றும் கிடையாது. பையன்கள் இருக்கும் குழுவில் பேசவே தயங்கிய மாணவி ஒருத்தி, குவாலிட்டி ஹெட் கார்டு கைக்கு வந்ததும், “ஐ கேனாட் அக்செப்ட் திஸ் லாட்” என்று நிமிர்ந்து சொன்னாள். அடுத்த வாரம் சப்ளையராக உட்கார்ந்தபோது பழையபடி குரல் இறங்கிவிட்டது. அதனால் யாருக்கு எந்தக் கார்டு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதை விட்டுவிட்டு, யோசித்துக் கொடுக்கத் தொடங்கினோம்.

பிழைத் திருத்தம்

பணிகள் கொடுத்து அதன் வழியே ஆங்கிலம் கற்பித்த, பெங்களூரு புராஜெக்ட் என்று அறியப்படும் முயற்சியை 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய என்.எஸ். பிரபு, ஒருவருக்குத் தெரிந்த தகவல் மற்றவருக்குத் தெரியாத பணிகளையும், யோசித்துத் தீர்வு காணும் பணிகளையும் பிரித்துக் காட்டினார். அவர் மனம் இரண்டாவது வகையையே நாடியது. நம் ஷாஃப்ட் கார்டில் இரண்டும் கலந்திருக்கின்றன. ஆனால் குழுவாகப் பிரித்துப் பேசவைப்பதில் பிரபுவுக்கு விருப்பமில்லை. ஒருவர் பிழையை மற்றவர் கேட்டுக் கேட்டு அதுவே நிலைத்துவிடும் என்று அஞ்சினார். அந்த அச்சம் வெற்று அச்சம் இல்லை. செமஸ்டர் முடிவில் சரளம் கூடியிருந்தது, திரும்பக் கேட்கும் பழக்கம் வந்திருந்தது. ஆனால் ‘வென் யூ வில் சென்ட்?’ மட்டும் அப்படியே நின்றது. ‘எப்ப அனுப்புவீங்க?’ என்பதில் எந்தச் சொல்லும் இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ‘வில்’ முன்னே தாவ வேண்டும். நண்பனும் அதே தமிழ்க் கேள்வியைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறான், அவனுக்கு அது பிழையாகவே காதில் விழாது.

பேசும்போது திருத்தினால் வாய் மூடிக்கொள்கிறது. திருத்தாவிட்டால் பிழை ஊறிவிடுகிறது. நாங்கள் கண்ட வழி இரண்டு சுற்று. முதல் சுற்றில் நான் குழுக்களுக்கிடையே நடந்து, காதில் விழுந்த வாக்கியங்களை நோட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு ஐந்தாறு வாக்கியங்களை யார் சொன்னது என்று சொல்லாமல் போர்டில் எழுதுவேன். மாணவர்களே திருத்துவார்கள். அதன் பிறகு அதே கார்டு, வேறு ஜோடி, இரண்டாம் சுற்று. விஷயம் ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் இந்த முறை கவனம் மொழிக்குப் போகும். முதல் சுற்றில் முடிச்சு, இரண்டாம் சுற்றில் நடை. பலர் முதல் சுற்றோடு நிறுத்திவிடுகிறார்கள், நேரமில்லை என்று. நேரம் குறைவென்றால் கார்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், இரண்டாம் சுற்றை விடக்கூடாது.

உச்சரிப்பில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதற்கு ரோல் ப்ளே கருவியும் அல்ல.

இன்டர்வியூ கார்டு

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு என்று பிள்ளைகள் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்ற கேள்விக்கான பதிலை முதலாண்டிலேயே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஊர், அப்பா பெயர், ‘மை ஸ்ட்ரென்த் இஸ் ஹார்டு ஒர்க்’ என்று ஒரே மூச்சில் ஓடும். அதனால் பேட்டி எடுப்பவரின் கார்டில் ஒரே ஒரு கட்டளை: அவர் சொல்லும் எதிலிருந்தாவது ஒரு சொல்லைப் பிடித்து, நடுவில் நிறுத்திக் கேள்வி கேள். ‘ஹாபி கார்டனிங்’ என்றால் என்ன செடி, எந்த மண், எப்போது தண்ணீர் என்று கேள். மனப்பாடம் அங்கே அறுந்துபோகும். உண்மையாகவே வீட்டில் செடி வைத்திருப்பவன் தப்பும் தவறுமாகப் பேசிவிடுவான். கேட்பதற்கு அழகாக இருக்கும் என்று எழுதி வைத்தவன் மாட்டிக்கொள்வான். இதில் அதிகம் கற்றுக்கொண்டவர்கள் பேட்டி கொடுத்தவர்களைவிட எடுத்தவர்கள்தான். எதிராளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு அதிலிருந்து கேள்வி பிடிப்பது அவர்களுக்கு முற்றிலும் புதிய வேலை.

யாருக்குப் பலிக்கவில்லை

ஒரு வாக்கியமே அமைக்க வராத பிள்ளைகள் ஒவ்வொரு பேட்சிலும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கார்டு முறை கொடுமை. எதிராளி கேட்டுக்கொண்டே இருப்பார், இவர் தலை குனிந்திருப்பார். அவர்கள் கார்டின் பின்புறம் வாக்கியத் தொடக்கங்களை எழுதிக் கொடுத்தோம்: ‘கேன் யூ டெல் மீ...’, ‘தி ப்ராப்ளம் இஸ்...’, ‘டூ யூ மீன்...’. ஓரளவுக்கு உதவியது. உண்மையில் அவர்களுக்கு முதலில் வேண்டியது எளிய கதைகளை நிறைய வாசிப்பதும் கேட்பதும். அதை ரோல் ப்ளேயால் ஈடுகட்ட முடியாது.

சினிமா வில்லன் குரலில் பேசி வகுப்பைச் சிரிக்கவைப்பவர்கள் மறுபுறம். முதல் வாரம் சிரிக்க விட்டோம். கார்டில் தீர்க்க வேண்டிய பிரச்சினை வலுவாக இருந்தால் மிமிக்ரி தானே அடங்கிவிடும். இல்லாவிட்டால் ஆள் மீது குற்றமில்லை, கார்டு மீதுதான்.

இதனால் இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று எழுத நான் தயாரில்லை. வேலை கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் ஆங்கிலத்துக்கு அப்பால் எவ்வளவோ காரணங்கள்.

மதிப்பெண்

லேப் என்றால் மார்க் வேண்டும். உச்சரிப்புக்கு ஐந்து, இலக்கணத்துக்கு ஐந்து, உடல்மொழிக்கு ஐந்து என்று பிரிக்கும் வழக்கமான தாளை வைத்தால் மாணவர்கள் உடனே மனப்பாடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள், அதில் பிழை வராதே. எனவே கேட்டது இவை மட்டும்: விஷயம் முடிந்ததா? அளவும் தேதியும் தொகையும் சரியாகக் கைமாறினவா? புரியாத இடத்தில் திரும்பக் கேட்டார்களா? தமிழ் தெரியாத ஒருவர் இதைக் கேட்டால் புரிந்துகொள்வாரா? இலக்கணம் இரண்டாம் சுற்றில் மட்டும், அதுவும் போர்டில் எழுதிய வாக்கியங்களுக்கு மட்டும்.

சிலர் தங்கள் பேச்சைப் போனில் பதிவு செய்து கேட்டார்கள். விரும்பாதவர்களை வற்புறுத்தவில்லை. ஆசிரியர் சொல்லித் திருத்த முடியாத ஒன்றைப் பதிவு திருத்தியது: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இடையில் ‘ஆக்சுவலி’ போடும் பழக்கம்.

மாடல் தேர்வில் ரோல் ப்ளேயை முன்கூட்டிச் சொல்லாத கார்டுகளைக் கொண்டே வைத்தோம். ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதுவது என்ற சிக்கல் மிஞ்சியது. பேசப்போகும் உரையாடலை எழுதச் சொன்னால் பழைய கதைதான். பேசி முடித்த பிறகு, என்ன முடிவானது என்பதை எதிர்த் தரப்புக்கு ஒரு மெயிலாக எழுதச் சொன்னோம். மெயில் எழுதுவதும் அதே லேபின் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஷாஃப்ட் கார்டுக்குப் பிறகு வந்த மெயில்களில் பாதிக்கு மேல் ஒரே கோரிக்கையோடு முடிந்தன: இனி டிராயிங் மாற்றினால், பழைய ரெவிஷனைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியதைக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கவும். அடுத்த பேட்சுக்கான கார்டுகளை இந்த மாணவர்களே எழுதுகிறார்கள், இன்பிளான்ட் ட்ரெயினிங் போன இடங்களில் பார்த்த சண்டைகளை வைத்து.